பாரசீக வளைகுடா அரபு அரசுகளுக்காகப் பிரிட்டன் செய்த உடன்படிக்கைகள்: தடையும் அதிகாரமும் (1820–1971)

ஆய்வுச் சுருக்கம்

பஹ்ரைன், ட்ரூசியல் அரசுகள், குவைத், கத்தார் ஆகியவற்றின் ஆட்சியாளர்கள் 1880 முதல் 1916 வரை பிரிட்டனுக்கு எழுதிக் கொடுத்த தனியுரிமை உடன்படிக்கைகள், பிற வல்லரசுகளோடு அவர்கள் உறவு கொள்வதைத் தடுத்தன. அத்தடை, அவர்களுக்காக உடன்படிக்கை செய்யும் அதிகாரத்தைப் பிரிட்டனுக்கு வழங்கியதா என்பதே இக்கட்டுரையின் வினா. உடன்படிக்கைகளின் வாசகங்கள், 1913, 1922, 1927, 1954 ஆகிய ஆண்டுகளின் நடைமுறைகள், பிற்கால நடுவர் தீர்ப்புகள் ஆகியவற்றை ஒருசேர வைத்துப் பார்க்கும்போது, ஆட்சியாளர்களின் உடன்படிக்கை செய்யும் திறன் பிரிட்டனுக்குக் கைமாறவில்லை, தடுத்து மட்டுமே வைக்கப்பட்டது என்பது புலனாகிறது.

திறவுச்சொற்கள்: பாரசீக வளைகுடா, தனியுரிமை உடன்படிக்கை, பாதுகாப்புக்குட்பட்ட அரசு, உகைர், புரைமி, இறைமை.

முன்னுரை

வளைகுடா அரபு நாடுகளின் வரலாற்றைக் கூறும் பொதுநூல்களில் ஒரு தொடர் திரும்பத் திரும்ப வருகிறது: ஷேக்குகள் தங்கள் வெளியுறவைப் பிரிட்டனிடம் ஒப்படைத்தனர் என்பது அது. சுருக்கமாகச் சொல்வதற்கு வசதியான தொடர்தான். ஆயினும் ஆவணங்களில் அப்படியொரு வாசகம் இல்லை. ஆட்சியாளர்கள் எழுதிக் கொடுத்தவை பெரும்பாலும் ‘செய்யமாட்டேன்’ என்னும் உறுதிமொழிகள். பிற அரசோடு உடன்பாடு செய்யமாட்டேன், பிற அரசின் முகவரை ஏற்கமாட்டேன், நிலத்தைப் பிறர்க்கு விற்கமாட்டேன், அடகு வைக்கமாட்டேன் என்பன போன்றவை. ‘என் பொருட்டு நீங்கள் செய்யலாம்’ என்னும் உடன்பாட்டு வாசகம் அவற்றில் இடம்பெறவில்லை.

இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சியோடு முடிந்துவிடுவதன்று. ஒருவர் தம் நிலத்தை மற்றவர்க்கு விற்பதில்லை என்று அண்டை வீட்டாருக்கு எழுதிக் கொடுத்தால், அந்நிலத்தை விற்கும் உரிமை அண்டை வீட்டாருக்கு வந்துவிடாது. அரசுகளுக்கிடையிலும் இதே தர்க்கம் பொருந்துமானால், ஆட்சியாளர் அமராத மேசைகளில் பிரிட்டன் வரைந்த எல்லைக்கோடுகள் எந்த அடிப்படையில் அவர்களைக் கட்டுப்படுத்தின என்ற கேள்வி எழுகிறது. எண்ணெய் கண்டறியப்பட்டபின் அக்கோடுகள் ஒவ்வொன்றும் பெரும் செல்வத்தின் எல்லைகளாயின. 1981-இலும் 2001-இலும் நடுவர்களும் நீதிபதிகளும் இக்கேள்விக்கு முகங்கொடுக்க நேர்ந்ததும் அதனால்தான்.

தடை வாசகத்தின் தோற்றம்

1819 டிசம்பரில் வில்லியம் கிராண்ட் கெய்ர் தலைமையில் சென்ற பிரித்தானியப் படை ராஸ் அல்-கைமாவைத் தாக்கிக் கைப்பற்றியது. அதனை அடுத்து 1820 சனவரியில் கரையோர ஷேக்குகளோடு பொதுக் கடல்சார் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன் நோக்கம் பிரிட்டன் ‘கடற்கொள்ளை’ என்று பெயரிட்டதை ஒழிப்பது. ஷேக்குகளின் வெளியுறவு அதில் பேசப்படவில்லை. 1835-இல் முத்துக்குளிப்புப் பருவத்துக்கான கடற்போர் நிறுத்தமும், 1843-இல் பத்தாண்டு நிறுத்தமும், 1853-இல் நிலையான நிறுத்தமும் வந்தன. ‘ட்ரூசியல்’ என்னும் பெயரே இப்போர்நிறுத்தத்திலிருந்து பிறந்ததுதான். இவையும் ஷேக்குகள் தமக்குள் கடலில் போரிடக் கூடாது என்பதோடு நின்றன.

திருப்பம் 1880-இல் பஹ்ரைனில் நிகழ்ந்தது. ஒட்டோமான் பேரரசு 1871 முதல் அல்-ஹசாவிலும் கத்தாரிலும் காலூன்றியிருந்தது. பஹ்ரைனில் நிலக்கரிக் கிடங்கு ஒன்றை அமைக்கவும் முயன்றது. 1880 டிசம்பர் 22 அன்று ஆட்சியாளர் ஈசா பின் அலி அல் கலீஃபா எழுதிக் கொடுத்த உறுதிமொழியில், பிரிட்டனின் இசைவின்றி வேறெந்த அரசோடும் பேச்சுவார்த்தையோ உடன்படிக்கையோ செய்வதில்லை என்றும், தூதரகமோ நிலக்கரிக் கிடங்கோ அமைக்கப் பிற அரசை அனுமதிப்பதில்லை என்றும் கூறப்பட்டது. அதில் ஒரு விலக்கும் உண்டு. அண்டை நாடுகளின் உள்ளூர் அதிகாரிகளோடு சிறு காரியங்கள் குறித்து வழக்கமாக நடைபெறும் நட்புமுறைக் கடிதப் போக்குவரத்தை இத்தடை பாதிக்காது. பஹ்ரைன் ஆட்சியாளர்க்குக் கடிதம் எழுதும் வாய் இருந்தது. அதில் எவ்வளவு பேசலாம் என்பதே வரையறுக்கப்பட்டது என்பதை இவ்விலக்கு காட்டுகிறது.

1892 மார்ச்சில் ட்ரூசியல் ஷேக்குகளும் பஹ்ரைன் ஆட்சியாளரும் செய்துகொண்ட தனியுரிமை உடன்படிக்கைகள் இத்தடையை மேலும் இறுக்கின. உம்முல் குவைனில் பிரான்ஸ் இடம்பிடிக்க முயல்கிறது என்ற அச்சம் இதற்கு உடனடித் தூண்டுகோலாயிற்று. புஷயரிலிருந்த அரசியல் ரெசிடெண்ட் டால்பட் முன்னிலையில் ஒவ்வொரு ஷேக்கும் தமக்காகவும் தம் வாரிசுகளுக்காகவும் மூன்று உறுதிகளை அளித்தார். பிரித்தானிய அரசைத் தவிர வேறெந்த அரசோடும் உடன்பாடோ கடிதத் தொடர்போ கொள்வதில்லை. பிரிட்டனின் இசைவின்றி வேறோர் அரசின் முகவர் தம் நாட்டில் தங்க ஒப்புவதில்லை. பிரிட்டனுக்கன்றி வேறெவர்க்கும் நிலத்தைக் கையளிப்பதோ விற்பதோ அடகு வைப்பதோ இல்லை. உறுதிமொழிகள் ஒருவழிப்பட்டவை. ஷேக்கைக் காப்போம் என்று பிரிட்டன் பதிலுக்கு எழுதித் தரவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. 1880-இல் பஹ்ரைனுக்குக் கிடைத்த சிறு கடிதங்களுக்கான விலக்கும் இவற்றில் இல்லை.

குவைத்தின் ஆவணம் இன்னும் விந்தையானது. 1899 சனவரி 23 அன்று முபாரக் அஸ்-ஸபாஹ், ரெசிடெண்ட் மீடிடம் இரகசியமாக அளித்த உறுதிமொழியில் இரண்டே செய்திகள் உள்ளன: பிற அரசின் முகவரை இசைவின்றி ஏற்பதில்லை, நிலத்தைப் பிற அரசுக்கோ அதன் குடிகளுக்கோ அளிப்பதில்லை. உடன்படிக்கை செய்வதில்லை என்ற வாசகமே அதில் கிடையாது. இதற்கு ஈடாக முபாரக்குக்கு 15,000 ரூபாய் தரப்பட்டது. முபாரக் அன்று பெயரளவில் ஒட்டோமான் பேரரசின் கீழிருந்தவர். இரகசியம் காக்கப்பட்டதற்குக் காரணம் அதுவே. இத்தனை மெலிந்த ஓர் ஆவணத்தின்மேல்தான் அடுத்த 62 ஆண்டுகளின் குவைத் வெளியுறவு நிறுத்தப்பட்டது.

கடைசியாக வந்தது கத்தார். 1916 நவம்பர் 3 அன்று பெர்சி காக்ஸும் அப்துல்லா பின் ஜாசிம் அல் தானியும் கையொப்பமிட்ட உடன்படிக்கை முந்தையவற்றைவிட விரிவானது. கடல்வழித் தாக்குதலிலிருந்து காக்கும் பொறுப்பைப் பிரிட்டன் அதில் வெளிப்படையாக ஏற்றது. ஆயினும் வெளியுறவைப் பற்றிய விதி பழைய தடை வாசகத்தின் வடிவிலேயே அமைந்தது.

ஒப்பிடத்தக்க மூன்று நிலைகள்

தடை வாசகமே அக்காலத்தில் கிடைத்த ஒரே வடிவம் என்று கருதுவதற்கில்லை. அதே காலத்தில் பிரான்ஸ் வேறு வகையில் எழுதியது. துனீசியாவோடு 1881-இல் செய்த பார்தோ உடன்படிக்கை, வெளிநாடுகளில் துனீசியாவின் நலன்களைக் காக்கும் பொறுப்பைப் பிரெஞ்சுத் தூதர்களிடம் வெளிப்படையாக ஒப்படைத்தது. 1912-இன் ஃபெஸ் உடன்படிக்கை, அந்நியத் தூதர்களோடு மொராக்கோ சுல்தானுக்குரிய இடையாளராகப் பிரெஞ்சு ரெசிடெண்ட் ஜெனரலை அமர்த்தியது. இவ்விரண்டிலும் தடையும் உண்டு, அதிகார வழங்கலும் உண்டு. 1952-இல் பன்னாட்டு நீதிமன்றம் மொராக்கோவிலிருந்த அமெரிக்கக் குடிகளின் உரிமைகள் பற்றிய வழக்கில், மொராக்கோ தன் இறைமையை இழக்கவில்லை என்றும், அதன் பெயரால் வெளியுறவை நடத்தும் பொறுப்பை ஒப்பந்த அடிப்படையில் பிரான்ஸ் ஏற்றது என்றும் கூறியதற்கு இத்தகைய வாசகமே இடமளித்தது.

மறு எல்லையில் இந்தியச் சமஸ்தானங்கள் இருந்தன. மணிப்பூர்க் கிளர்ச்சியை அடுத்து 1891 ஆகஸ்ட் 21 அன்று இந்திய அரசிதழில் வெளியான அறிவிப்பு, பேரரசியின் பிரதிநிதியாகிய இந்திய அரசுக்கும் சமஸ்தானங்களுக்கும் இடையிலான உறவில் பன்னாட்டுச் சட்டத்தின் கொள்கைகளுக்கு இடமில்லை என்று கூறிற்று. சமஸ்தானம் வெளியுலகத்தின் கண்ணில் ஓர் ஆளே அன்று என்பது அதன் உட்பொருள். பிரிட்டன் செய்த உடன்படிக்கை தனியே சொல்லாமலே சமஸ்தானத்தையும் கட்டியது.

வளைகுடா ஷேக்குகள் தடை வாசகத்தில் கையொப்பமிட்டது இவ்வறிவிப்பு வந்து ஏழு மாதங்கள் நிறைவுறுவதற்குள். அவர்களை ஆண்ட நிருவாகமும் அதே இந்திய நிருவாகம்தான்: ரெசிடெண்ட் இந்திய அரசின் அலுவலர், உடன்படிக்கைகளுக்கு ஒப்புதல் அளித்தவர் வைஸ்ராய், அவை அச்சேறியதும் சமஸ்தான உடன்படிக்கைகளைத் தொகுத்த எய்ட்சிசனின் பெருந்தொகுப்பில். அலுவலர்களின் மனப்பழக்கம் சமஸ்தானப் பழக்கமாகவே இருந்தது என்பதில் வியப்பில்லை. ஆனால் சட்டநிலை அதுவன்று. வளைகுடாவில் பேரரசி மேலாண்மை கோரவில்லை. ஷேக்குகள் அவருடைய குடிகளும் அல்லர். சமஸ்தானக் கண்ணோடு நோக்கிய அலுவலர், சமஸ்தானச் சட்டம் இல்லாத இடத்தில் செயல்பட்டனர். பிற்காலக் குழப்பங்களுக்கு வேர் இங்கே உள்ளது.

1923-இல் துனீசிய, மொராக்கோ குடியுரிமை ஆணைகள் பற்றிய ஆலோசனைக் கருத்தில் நிரந்தரப் பன்னாட்டு நீதிமன்றம் ஒரு நெறியை வகுத்தது. காக்கும் அரசின் அதிகார அளவைப் பொதுக்கோட்பாட்டிலிருந்து பெற முடியாது. அந்தந்த உடன்படிக்கையிலும், மூன்றாம் அரசுகள் அதனை ஏற்ற சூழலிலும் தேட வேண்டும் என்பது அது. இந்நெறியை வளைகுடாவுக்குப் பொருத்தினால் முதலில் கிடைப்பது தடை மட்டுமே. எஞ்சியவற்றை நடைமுறையில்தான் தேட வேண்டும்.

காலியாக இருந்த இருக்கை: 1913, 1922, 1927

1913 சூலை 29 அன்று இலண்டனில் கையொப்பமான ஆங்கில–ஒட்டோமான் உடன்படிக்கை குவைத், கத்தார், பஹ்ரைன் ஆகிய மூன்றையும் பற்றிப் பேசியது. குவைத், ஒட்டோமான் பேரரசுக்குள் தன்னாட்சியுடைய மாவட்டம் என்று அதில் குறிக்கப்பட்டது. முபாரக்கின் நேரடி ஆட்சிக்கு உட்பட்ட உள்வட்டமும் அவர் செல்வாக்குக்கு உட்பட்ட வெளிவட்டமும் வரையப்பட்டன. கத்தார் தீபகற்பத்தின்மீதான உரிமைகோரலை ஒட்டோமான் அரசு கைவிட்டு, அங்கு ஜாசிம் அல் தானியின் ஆட்சி தொடரும் என்று ஒப்பியது. ஜாசிம் அதற்குப் பன்னிரண்டு நாள்களுக்கு முன்பே இறந்துவிட்டார். இறந்தவரின் பெயரால் ஒரு நாட்டின் எதிர்காலம் எழுதப்பட்டது என்பதே, மேசைக்கும் நாட்டுக்கும் இடையிலிருந்த தொலைவை உணர்த்தும்.

இவ்வுடன்படிக்கையில் பிரிட்டன் ஷேக்குகளின் பெயரால் கையொப்பமிடவில்லை. தன் பெயரால், அவர்களைப் பற்றி, இன்னொரு பேரரசோடு பேசியது. போர் குறுக்கிட்டதால் இது உறுதிசெய்யப்படவும் இல்லை. எனினும் 1930களில் சவூதி அரேபியாவோடு கிழக்கெல்லை பற்றிப் பேசியபோது, இதிலிருந்த நீலக்கோட்டையே பிரிட்டன் சான்றாக நீட்டியது. ஒட்டோமான் அரசின் வாரிசு சவூதி என்றால் ஒட்டோமான் ஒப்பிய கோடு சவூதியையும் கட்டும் என்பது அதன் வாதம். இப்னு சவூத் அதனை ஏற்கவில்லை.

1922 டிசம்பரில் உகைரில் நடந்ததே இவ்வரலாற்றின் மிகக் கசப்பான பகுதி. நஜ்துக்கும் ஈராக்குக்கும், நஜ்துக்கும் குவைத்துக்கும் எல்லை வகுக்க ஈராக்கின் பிரித்தானிய உயர் ஆணையர் பெர்சி காக்ஸ் அங்குச் சென்றார். இப்னு சவூத் நேரில் வந்திருந்தார். பிரித்தானிய ஆணைப்பொறுப்பில் இருந்த ஈராக்குக்காக அந்நாட்டு அமைச்சர் சபீஹ் பே பேசினார். குவைத்துக்காக அமர்ந்தவர் அந்நாட்டின் அரசியல் முகவர் மேஜர் மோர். அவர் பிரித்தானிய அலுவலர். ஆட்சியாளர் அகமது அல்-ஜாபிர் அங்கில்லை. அவர் அனுப்பிய ஆளும் அங்கில்லை. பேச்சு நாள்கணக்கில் இழுபட, காக்ஸ் சிவப்புப் பென்சிலை எடுத்து வரைபடத்தில் தாமே கோடிட்டார் என்று அங்கிருந்த டிக்சன் பின்னாளில் தம் நினைவு நூலில் பதிந்துள்ளார். குவைத் தனதென்று கோரிய நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நஜ்துக்குச் சென்றது என்றும் அவர் குறிக்கிறார். 1913-இன் வெளிவட்டம் பெரும்பாலும் அழிந்தது. டிசம்பர் 2 தேதியிட்ட ஆவணத்தில் நஜ்தின் சார்பில் அப்துல்லா தம்லூஜியும், குவைத்தின் சார்பில் மோரும் கையொப்பமிட்டனர்.

மோரின் கையொப்பத்துக்கு அடிப்படை என்ன? 1899 உறுதிமொழி நிலத்தைப் பிறர்க்கு அளிப்பதை முபாரக்குக்குத் தடுத்தது. முபாரக்கின் வாரிசு அளிக்க முடியாததை, அவரிடம் கேளாமல், பிரித்தானிய அலுவலர் அளித்தார். தடையைத் திறவுகோலாகப் படித்ததன் முழு விளைவு இங்கே தெரிகிறது. ஆனால் பிரிட்டனே தன் வாதத்தை முழுதாக நம்பவில்லை என்பதற்கும் உகைர் சான்றாகிறது. காக்ஸ் பின்னர்க் குவைத் சென்று அகமதுவிடம் நேரில் செய்தியைச் சொன்னார்; ஆவணத்துக்கு ஆட்சியாளரின் ஒப்புதலும் பெறப்பட்டது. மோரின் கையொப்பமே போதுமானதாக இருந்திருந்தால் அவ்வொப்புதல் தேவைப்பட்டிருக்காது. அதனை மறுக்கும் நிலையில் அகமது இருந்தாரா என்பது வேறு செய்தி. 1920-இல் ஜஹ்ராவில் இக்வான் படைகளைக் குவைத் எதிர்கொண்டு இரண்டாண்டுகளே கழிந்திருந்தன, பிரித்தானியத் துணையை உதறும் வலிமை அவரிடம் இல்லை.

1927 மே 20-இன் ஜித்தா உடன்படிக்கை மூன்றாவது வகையைச் சேர்ந்தது. அதன் ஆறாம் விதியில், பிரிட்டனோடு சிறப்பு உடன்படிக்கை உறவுடைய குவைத், பஹ்ரைன், கத்தார், ஓமான் கரையோர ஷேக்குகளோடு நட்பைப் பேண இப்னு சவூத் ஒப்பினார். ஷேக்குகளுக்கு இதனால் நன்மை உண்டு, கடமை ஏதுமில்லை. எனினும் பஹ்ரைனைக் குறித்த சொல்லுக்கு எதிராக ஈரான் அவ்வாண்டு நவம்பரில் எதிர்ப்புத் தெரிவித்து, உலக நாடுகள் சங்கத்தின் கவனத்துக்கும் கொண்டு சென்றது. பஹ்ரைன் தனக்குரியது, அதனைப் பற்றிப் பிரிட்டன் மூன்றாமவரோடு உடன்படிக்கை செய்யலாகாது என்பது ஈரானின் நிலை. மூன்றாம் அரசுகளின் ஏற்பு ஒருமித்து இருந்ததில்லை என்பதற்கு இது போதிய சான்று.

‘சார்பாக’ என்னும் சொல்: 1954

புரைமிப் பாலைவனச் சோலை குறித்த தகராறு, தேடிய விடைக்கு மிக அருகில் அழைத்துச் செல்கிறது. ஒன்பது ஊர்களைக் கொண்ட அச்சோலையில் சில அபுதாபிக்கும் சில மஸ்கட் சுல்தானுக்கும் உரியவை. 1952-இல் சவூதி அரேபியா அங்குத் தன் ஆளுநரை அனுப்பியது. 1954 சூலை 30 அன்று ஜித்தாவில் நடுவர் உடன்பாடு கையொப்பமானது. அதில் பிரித்தானிய அரசு, அபுதாபி ஆட்சியாளர் ஷேக் ஷக்பூத் பின் சுல்தானின் சார்பாகவும் சுல்தான் சயீத் பின் தைமூரின் சார்பாகவும் செயல்படுவதாகக் குறிக்கப்பட்டது.

இவ்விருவரின் நிலையும் ஒன்றன்று. அபுதாபி பாதுகாப்புக்குட்பட்ட அரசு; 1892 உடன்படிக்கையால் கட்டுப்பட்டது. 1949-இல் பிரிட்டன் வெளியிட்ட ஆணையில் அத்தகைய அரசுகளின் பட்டியலில் ட்ரூசியல் அரசுகள் இடம்பெற்றன. மஸ்கட் அத்தகையதன்று. அமெரிக்காவோடு 1833-இலும் பிரான்சோடு 1844-இலும் நேரடியாக உடன்படிக்கை செய்த அரசு அது; 1862-இல் பிரிட்டனும் பிரான்சும் அதன் சுதந்திரத்தை மதிப்பதாகக் கூட்டாக அறிவித்திருந்தன. புரைமி உடன்பாட்டுக்கு ஓராண்டு முன், 1953-இல், சுதந்திர இந்தியாவோடும் அது நட்பு, வணிக உடன்படிக்கை செய்திருந்தது.

ஒரே ஆவணத்தில், ஒரே சொல்லால், இவ்விருவருக்காகவும் பிரிட்டன் பேசுகிறது. சுல்தானுக்காகப் பேசும் அதிகாரம் தனியுரிமை உடன்படிக்கையிலிருந்து வந்திருக்க இயலாது. அப்படியோர் உடன்படிக்கை அவரோடு இல்லை. அது அவர் அவ்வேளையில் தந்த இசைவிலிருந்தே வந்திருக்க வேண்டும். அப்படியானால் அதே சொல் ஷக்பூத்தைக் குறிக்கும்போதும் இசைவைச் சுட்டுவதாகக் கொள்வதே நேரிய பொருள். காக்கும் அரசின் உரிமையாக அதனைப் படிக்க வேண்டுமானால், ஒரே சொல்லுக்கு ஒரே வரியில் இரு பொருள் கற்பிக்க நேரும். ‘சார்பாக’ என்பது முகவரின் சொல், மேலாளியின் சொல்லன்று.

இதற்கு மறுப்பாக ஒன்றைச் சொல்லலாம். ஷக்பூத் விரும்பினாலும் ரியாத்துக்குத் தாமே தூதரை அனுப்பியிருக்க முடியாது. சயீத் அனுப்பியிருக்க முடியும். வேறு முகவரைத் தேட முடியாதவர் தரும் இசைவு இசைவாகுமா? மறுப்பு வலுவானது. ஆனால் அது இசைவின் தரத்தைப் பற்றியது. இசைவே தேவையில்லை என்ற முடிவுக்கு அது இட்டுச் செல்லாது. நடுவர் மன்றமும் தீர்ப்பளிக்கும் நிலையை எட்டவில்லை. 1955 செப்டம்பரில் பிரித்தானிய உறுப்பினர் ரீடர் புல்லார்ட் பதவி விலகினார், மன்றம் குலைந்தது. அக்டோபர் 26 அன்று பிரித்தானிய அலுவலர்கள் தலைமையிலான ட்ரூசியல் ஓமான் படையும் சுல்தானின் படையும் புரைமியை மீண்டும் கைப்பற்றின.

தடை தளர்ந்தபோது

ஆட்சியாளர்களின் உடன்படிக்கை செய்யும் திறன் அழிந்திருந்தால், பிரிட்டன் விட்டுக்கொடுத்ததும் அது தானே எழுந்து நடந்திருக்காது. நடந்தது. 1958 பிப்ரவரி 22 அன்று பஹ்ரைனும் சவூதி அரேபியாவும் தம் கடற்படுகை எல்லையைத் தாமே வகுத்துக் கொண்டன. கையொப்பமிட்டவர் ஆட்சியாளர் சல்மான் பின் ஹமது. 1960 செப்டம்பரில் பாக்தாதில் எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் அமைப்பான ஒபெக் தோன்றியபோது அதன் ஐந்து நிறுவன உறுப்பினர்களில் குவைத்தும் ஒன்று. 1899 உறுதிமொழி அன்றும் நடப்பில் இருந்தது. 1961 சூன் 19 அன்றுதான் ஷேக் அப்துல்லா அல்-சாலிமும் ரெசிடெண்ட் வில்லியம் லூஸும் பரிமாறிய கடிதங்கள் அதனை முடிவுக்குக் கொண்டுவந்தன. கத்தார் 1965 டிசம்பரில் சவூதியோடும், 1969-இல் அபுதாபியோடும் ஈரானோடும் எல்லை உடன்பாடுகள் செய்தது. பஹ்ரைன் ஈரானோடு கண்டத்திட்டு எல்லையை வகுத்தது 1971 சூன் 17-இல். அதன் முழுச் சுதந்திரம் வந்தது ஆகஸ்ட் 15-இல்.

இத்தளர்வைத் தாராள மனப்பான்மை என்று புகழ்வது அவசரமாகும். எங்கே தளர்த்துவது என்பதைப் பிரிட்டனே தேர்ந்தது. அரபுக் கூட்டமைப்பு 1964–65-இல் ட்ரூசியல் அரசுகளுக்கு நேரடி வளர்ச்சி உதவி தர முன்வந்து அலுவலகம் திறக்க முயன்றது. ஷார்ஜா ஆட்சியாளர் சக்ர் பின் சுல்தான் அல் காசிமி அதனை வரவேற்றார். 1965 சூன் மாதத்தில் அவர் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். குடும்பத்தாரின் முடிவு என்று அதற்கு வடிவம் தரப்பட்டது. அவரை நாட்டைவிட்டு அழைத்துச் சென்றது பிரிட்டன். கடல் எல்லையில் கையொப்பமிடலாம், கெய்ரோவின் அலுவலகத்தை ஏற்கலாகாது. 1892-இன் வாசகம் அதன் முதல் நோக்கத்துக்கு, அதாவது போட்டி வல்லரசை வெளியே நிறுத்துவதற்கு, கடைசி வரை உயிரோடு இருந்தது.

தீர்ப்பாளர் முன்

துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் இடையே 1956–57-இல் அரசியல் முகவர் பீட்டர் டிரிப் வகுத்த எல்லைகள் பின்னர்த் தகராறாகி நடுவர் மன்றத்துக்குச் சென்றன. 1981 அக்டோபர் 19-இன் தீர்ப்பு, இக்கட்டுரையின் வினாவை ஏறத்தாழ நேருக்கு நேர் சந்தித்தது. எல்லையைத் தன் விருப்பப்படி வகுக்கும் அதிகாரத்தைப் பிரிட்டனுக்குத் தந்த உடன்படிக்கை எதுவுமில்லை. ஆட்சியாளர்களின் இசைவு தேவை என்பது மன்றத்தின் நிலை. டிரிப்பின் முடிவுகள் நடுவர் தீர்ப்புகள் அல்ல, நிருவாக முடிவுகள் என்றும் அது வகைப்படுத்தியது.

கத்தாருக்கும் பஹ்ரைனுக்கும் இடையிலான வழக்கில் 2001 மார்ச் 16 அன்று பன்னாட்டு நீதிமன்றம் அதே அளவுகோலைக் கொண்டு வேறொரு முடிவுக்கு வந்தது. ஹவார் தீவுகள் பஹ்ரைனுக்குரியவை என்று 1939 சூலையில் பிரிட்டன் முடிவு செய்திருந்தது. கத்தார் அதனை அன்றே மறுத்தது. தொடர்ந்து மறுத்தும் வந்தது. நீதிமன்றம் 12-க்கு 5 என்ற வாக்கில் தீவுகளைப் பஹ்ரைனுக்கு அளித்தது. காரணம், பிரிட்டனுக்குக் காக்கும் அரசு என்ற முறையில் அதிகாரம் இருந்தது என்பதன்று. 1938-இல் இரு ஆட்சியாளர்களும் பிரிட்டனே முடிவு செய்யட்டும் என்று இசைந்தனர் என்பது. 1913-இன் உறுதிசெய்யப்படாத உடன்படிக்கையும் இவ்வழக்கில் மறுபடி தலைகாட்டியது. உறுதிசெய்யப்படாவிட்டாலும், கையொப்பமிட்டவர்கள் அவ்வேளையில் எதை எப்படிப் புரிந்துகொண்டனர் என்பதற்கு அது சான்றாகலாம் என்ற நீதிமன்றம், சுபாரா கத்தாருக்குரியது என்ற முடிவுக்கு அதனையும் துணையாகக் கொண்டது. இலண்டனில் ஷேக்குகள் இல்லாத மேசையில் எழுதியதற்கு இப்படியொரு பின்வாழ்வு கிடைத்தது.

அப்துல்லா பின் ஜாசிம் 1938-இல் எழுதிய கடிதங்கள், எதிர்ப்பும் முறையீடும் கலந்தவை. ஹவாரில் பஹ்ரைன் செய்துவந்த செயல்களைக் குறித்து ரெசிடெண்ட்டின் முகவரிடம் முறையிட்டவர், வேறெங்கே முறையிட முடியும் என்ற கேள்வியை நீதிமன்றம் நீண்ட நேரம் கேட்கவில்லை. 1916-இல் அவர் கையொப்பமிட்ட நான்காம் விதி அவருக்கு வேறு வாசலை விட்டுவைக்கவில்லை. அவ்வாசலில் நின்று அவர் எழுதிய கடிதமே, 63 ஆண்டுகளுக்குப் பின் ஹவாரின் உரிமையை முடிவுசெய்த இசைவாயிற்று.